முழுப் பணம் கையில் இல்லாமல் கிராமத்தில் நிலம்: தவணைக் கிரயத்துக்கு ஒரு வழிகாட்டி

கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. பார்த்து வைத்த ஒரு ஏக்கர் புஞ்சையின் விலை எட்டு லட்சம். வீடு கட்டக் கடன் தருகிற வங்கி, வெறும் காடு வாங்க என்றால் தயங்குகிறது. அப்போது நிலத்துக்காரரே சொல்வார்: "இப்ப ரெண்டு குடுங்க தம்பி. மிச்சத்தை மாசாமாசம் குடுத்து முடிச்சிட்டுக் கிரயம் பண்ணிக்கங்க." அதாவது, விற்பவரே உங்களுக்குக் கடன் கொடுப்பவராகவும் ஆகிவிடுகிறார். கிராமங்களில் இது புதிதல்ல. சம்பளக்காரர்களும் சிறு வியாபாரிகளும் சொந்தமாக ஒரு துண்டு மண் வாங்க இருக்கிற நடைமுறை வழிகளில் இது முக்கியமானது.

எங்கள் சித்தப்பா அருப்புக்கோட்டைப் பக்கம் இரண்டு ஏக்கர் கரிசலை இப்படித்தான் பேசி முடித்தார். இருபது ரூபாய் முத்திரைத்தாள், டீக்கடை பெஞ்சில் வைத்துக் கையெழுத்து, இரண்டு சாட்சி. பதினான்கு மாதம் தேதி தவறாமல் பணம் கொடுத்தார். பதினைந்தாம் மாதம் நிலத்துக்காரர் காலமாகிவிட்டார். அவருக்கு இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். "அப்பா எங்ககிட்ட எதுவும் சொல்லலையே" என்றார் மூத்தவர். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியாது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, பேசிய விலைக்கு மேல் ஒன்றரை லட்சம் கொடுத்து, வெளியூரில் இருந்த கடைசி மகளின் கையெழுத்துக்கு எட்டு மாதம் காத்திருந்த பிறகுதான் கிரயம் முடிந்தது.

அட்வான்ஸ் கொடுக்கிற நாளுக்கும் கிரயம் பதிகிற நாளுக்கும் நடுவே கிடக்கிற காலம்தான் தவணைக் கிரயத்தின் ஆபத்து முழுவதும். ஒப்பந்தம் போட்டதாலேயே நிலம் உங்களுடையது ஆகிவிடாது. கிரய ஒப்பந்தம் சொத்தில் எந்த உரிமையையும் தானாக உண்டாக்காது என்று சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 54-ஆம் பிரிவே சொல்கிறது. அந்த நடுக்காலத்தில் விற்பவர் இறக்கலாம், கடன் வாங்கலாம், விலை ஏறியதும் மனம் மாறலாம். இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அந்தக் காலத்தைச் சுருக்கவும் காக்கவும்தான்.

முதலில் காலால் நடந்து பாருங்கள்

நிலத்தைக் கோடையில் ஒருமுறை, மழை பெய்த மறுநாள் ஒருமுறை பாருங்கள். கோடையில் தண்ணீர் எங்கே இல்லை என்று தெரியும், மழையில் எங்கே நிற்கிறது என்று தெரியும். பக்கத்துக் காட்டுக்காரரிடம் போர் எத்தனை அடியில் போட்டார், எத்தனை போர் பொய்த்தது என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்வார். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால், வேரோடு எடுக்க ஜேசிபிக்கு ஆகும் வாடகையையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விலை மலிவாக இருக்கிற நிலத்தில் பெரும்பாலும் பாதையில்தான் குறை இருக்கும். இப்போது நடந்து போகிற தடம் அரசு வண்டிப்பாதையா, இன்னொருவர் பட்டா நிலத்து வரப்பா? நிலத்தின் அளவையும் எல்லையையும் காட்டுகிற புலப்பட வரைபடத்தில் பாதை குறிக்கப்படவில்லை என்றால் அந்தப் பட்டாதாரர் நாளைக்கே முள்ளை வெட்டிப் போட்டு அடைக்கலாம். வழிப்பாத்தியம், அதாவது அந்த வழியாகப் போய்வரும் உரிமை, பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கிணற்றில் பங்கு உண்டு என்றால் எத்தனை பங்கில் ஒன்று, மோட்டார் முறை யாருக்கு எந்த நாள் என்பதையும் கேளுங்கள். விவசாய மின் இணைப்பு ஏற்கெனவே இருக்கிற நிலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை. புதிதாக விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களைக் கேட்டால் அதன் அருமை புரியும்.

காகிதங்கள்

நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் பட்டா, சிட்டா, ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடு, புலப்பட வரைபடம் ஆகியவற்றைத் தமிழக அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையச் சேவையில் நீங்களே பார்க்கலாம். நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். ஊரின் பெயரும் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் இருந்தால் போதும். தரகர் கொடுக்கிற ஜெராக்ஸை நம்பி உட்கார வேண்டாம்.

பட்டா இருந்தால் சொத்து அவருடையது என்று முடிவு கட்டாதீர்கள். பட்டா வருவாய்த்துறைப் பதிவு, உரிமைக்கு ஆதாரம் பத்திரம். 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யூடிஆர் என்று எல்லோரும் சொல்கிறார்களே அதில்தான், பெயர் மாறியும் பரப்பு கூடிக் குறைந்தும் விழுந்த பிழைகள் இன்றைக்கும் பல ஊர்களில் அப்படியே இருக்கின்றன. ஆகவே பட்டாவில் உள்ள பெயர், பத்திரத்தில் உள்ள பெயர், நிலத்தில் உழுகிற ஆள் மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். ஒரு ஏர்ஸ் என்பது சுமார் 2.47 சென்ட், ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். பட்டாவில் உள்ளதை இந்தக் கணக்கில் பெருக்கி, விற்பவர் வாயால் சொல்கிற ஏக்கரோடு ஒத்துப் பாருங்கள்.

வில்லங்கச் சான்று குறைந்தது முப்பது வருடத்துக்கு எடுங்கள். அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டும்தான். பதிவாகாத உயில், நீதிமன்ற வழக்கு, வாய்மொழிப் பாகப்பிரிவினை, பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைக்கடன் எதையும் அது காட்டாது. அதனால்தான் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறேன். "பத்திரம் பேங்க் லாக்கர்ல இருக்கு, அப்புறம் காட்டுறேன்" என்றால், பத்திரத்தைப் பார்த்த பிறகே அட்வான்ஸ் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பாக்கி உண்டா என்றும் விசாரியுங்கள்.

அப்புறம் வாரிசுகள். பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு உண்டு என்பது தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் சட்டமானது. "பொண்ணுங்களுக்கு நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு" என்பது பேச்சு மட்டுமே, அது பங்கை விட்டுக்கொடுத்து எழுதுகிற விடுதலைப் பத்திரம் ஆகாது. வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுகளில் மைனர் இருந்தால் அவர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம். இதையெல்லாம் பார்க்கச் சொத்து வழக்குகள் நடத்துகிற வக்கீல் ஒருவரிடம் சட்டக் கருத்து வாங்குங்கள். அவருக்குக் கொடுக்கிற சில ஆயிரம் ரூபாய்தான் இந்த வியாபாரத்திலேயே மிக லாபமான செலவு.

எவ்வளவு மலிவு என்றாலும் தொடக்கூடாதவை

பஞ்சமி நிலம் முதலில். பிரிட்டிஷ் அரசு 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒப்படைத்த நிலங்கள் இவை. அவர்களிடமிருந்து வேறு சமூகத்தவர் வாங்குவது செல்லாது, எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது. அந்த மக்களுக்கு வாழ்வாதாரமாகக் கொடுத்த மண்ணை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது நியாயமும் அல்ல. அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலம், பூதான இயக்கத்துக்குத் தானமாக வந்த நிலம், கோயில் நிலம், வக்ஃப் நிலம், ஓடை, மேய்ச்சலுக்கு விட்ட மேய்க்கால், உரிமையாளர் இல்லை என்று பதிவான அனாதீனம் ஆகியவையும் இந்தப் பட்டியலில்தான் சேரும். அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தைக் கவனமாகப் படியுங்கள். சந்தேகம் வந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் கேளுங்கள்.

இன்னொன்று, விவசாய நிலத்தைக் கல் நட்டுச் சிறு மனைகளாக்கி மாதத் தவணையில் விற்பது. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு உருவான அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய முடியாது. பிரிவினை செய்யாத பெரிய பரப்பில் "உங்கள் பங்கு" என்று காகிதம் மட்டும் கொடுத்து மாதாமாதம் வசூலிக்கிற நிறுவனத் திட்டங்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். நிலம் தருவதாகச் சொல்லி நாடு முழுவதும் பணம் திரட்டிய பிஏசிஎல் நிறுவனம் முதலீட்டாளர்களுக்கு 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2014-இல் உத்தரவிட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதற்கென்று முன்னாள் தலைமை நீதிபதி லோதா தலைமையில் ஒரு குழுவை அமைக்க வேண்டியதாயிற்று. சர்வே எண்ணும் நான்கு எல்லையும் சொல்ல முடியாத நிலத்துக்குத் தவணை கட்டாதீர்கள்.

வாங்குகிற உங்கள் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம். ஆனால் வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவரும் விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணி விதிகளில் இடமில்லை. வாரிசாக வருவது வேறு விஷயம். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ தவணை அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடி விவசாயத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் என்றால், தவணைக்குப் போகும் முன் தமிழ்நாடு அரசு நிறுவனமான தாட்கோவின் நன்னிலம் திட்டத்தை விசாரியுங்கள். விலையில் 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு.

வட்டியைப் பேசுவது

சில நிலத்துக்காரர்கள் வட்டியே கேட்கமாட்டார்கள், விலையிலேயே ஏற்றி வைத்திருப்பார்கள். அதனால் "இன்னைக்கே முழுசா குடுத்தா என்ன விலை?" என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டு விலைக்கும் இடையிலான வித்தியாசம்தான் உண்மையான வட்டி.

வட்டி வெளிப்படையாக இருந்தால், எதன் மேல் வட்டி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எட்டு லட்சத்தில் இரண்டு கொடுத்தாகிவிட்டது, பாக்கி ஆறு லட்சம், 24 மாதத்தில் மாதம் 25,000 அசல், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வையுங்கள். ஆறு லட்சத்துக்கும் கடைசி வரை வட்டி போட்டால் மொத்தம் 1,44,000 ரூபாய். குறைந்து வருகிற பாக்கிக்கு மட்டும் போட்டால் 75,000 ரூபாய். ஒரே "நூத்துக்கு ஒண்ணு"தான், ஆனால் இடையில் 69,000 ரூபாய். "பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி" என்ற நான்கு வார்த்தைகள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முன்கூட்டியே முடித்தால் அதற்குமேல் வட்டி கிடையாது என்பதும் இருக்கட்டும்.

கிரயச் செலவையும் இப்போதே ஒதுக்குங்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். எட்டு லட்சத்துக்கு 72,000 ரூபாய். பதிவுக்கு அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு அந்த எட்டு லட்சத்தைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்புக்குத்தான் கணக்கு. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அதே நிலத்துக்கு 64,000 ஆகும். வீட்டுப் பெண்கள் பெயரில் நிலம் இருக்க இதுவும் ஒரு நல்ல சாக்கு.

ஒப்பந்தம்

சித்தப்பா சறுக்கிய இடம் இது. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது. பதிவு செய்தால் ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். நாளை இன்னொருவர் அதே நிலத்தை வாங்க வந்தால் உங்கள் பெயரைப் பார்ப்பார், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. நடுக்காலத்தைக் காக்க இதைவிட வலுவான வேலி கிடையாது. நிலத்தை இப்போதே உங்கள் அனுபவத்துக்கு ஒப்படைப்பதாக எழுதினால் பதிவுக் கட்டணம் கூடும். ஆனால் உழவும் வேலி போடவும் போகிறீர்கள் என்றால் அதை எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாமல் உள்ளே இறங்கி போர் போடுவது மிகப் பெரிய தவறு.

விற்பவரோடு அவர் மனைவி, மகன், மகள் எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சட்டப்படி ஒப்பந்தம் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்தான். ஆனாலும் தாங்களே கையெழுத்திட்டவர்கள் பிறகு முரண்டு பிடிப்பது அரிது. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், "ஐயா, நாளைக்கு உங்க பிள்ளைங்களுக்கும் எனக்கும் மனஸ்தாபம் வரக்கூடாது" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்? சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, பாதை, கிணற்றுப் பங்கு, மின் இணைப்பு எண். மொத்த விலை, கொடுத்தது, பாக்கி, ஒவ்வொரு தவணைத் தேதி, எந்த வங்கிக் கணக்குக்கு. கிரயம் முடியும் வரை விற்பவர் நிலத்தை அடமானம் வைக்கவோ வேறு யாருக்கும் எழுதவோ கூடாது என்ற நிபந்தனை. ஒரு தவணை தவறினால் எத்தனை நாள் அவகாசம், அதற்குப் பிறகும் முடியாவிட்டால் கொடுத்த பணத்தில் எவ்வளவு திரும்ப வரும். இந்தக் கடைசி விஷயத்தைப் பேசாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். "தவறினால் அட்வான்ஸ் முழுவதும் போகும்" என்று பத்திரம் எழுதுபவர் வழக்கமான வாசகத்தைப் போட்டுவிடுவார். இருபது மாதம் கட்டிய பிறகு ஒரு விபத்தால் எல்லாம் போகும்படி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காலத்தை நீட்ட வேண்டாம். என் கருத்தில் 24 மாதமே போதும், 36-ஐத் தாண்டவே கூடாது. கிரயத்துக்குக் குறித்த தேதி கடந்து விற்பவர் எழுதித் தர மறுத்தால், நீதிமன்றம் போக மூன்று வருடம்தான் காலவரம்பு. தேதி தள்ளிப்போனால் வாய்ப்பேச்சில் விடாமல் காலநீட்டிப்பை எழுதிப் பதிவு செய்யுங்கள்.

"பாக்கிக்குப் பதில் பவர் எழுதித் தர்றேன்" என்பார்கள். பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவரும் அவரோடு முடிந்துவிடும்.

துண்டு துண்டாகக் கிரயம்

இப்போது எனக்கு மிகவும் பிடித்த வழியைச் சொல்கிறேன். ஒரு ஏக்கருக்கும் ஒப்பந்தம் போட்டு இரண்டு வருடம் காத்திருப்பதற்குப் பதிலாக, நான்கு லட்சம் சேர்ந்ததும் ஐம்பது சென்ட்டைக் கிரயம் செய்துவிடுங்கள். மீதி ஐம்பதுக்கு மட்டும் பதிவு ஒப்பந்தம். நடுவில் எது நடந்தாலும் பாதி நிலம் உங்கள் பெயரில் இருக்கும். விற்பவருக்கும் பாதகமில்லை, பணம் வராத பகுதி அவரிடமே இருக்கிறது. பாதையை ஒட்டிய பாதியை முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நிலத்துக்குப் போக அவர் நிலத்தைத் தாண்ட வேண்டியிருக்கும். கொடுக்க மறுத்தால் பாதைக்கென்று அளவு குறித்து முதல் பத்திரத்திலேயே எழுதுங்கள். மிகச் சிறிய துண்டாகப் போனால் மனை என்று கருதிப் பதிவை மறுக்க வாய்ப்புண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

நன்கு பழகிய இடமென்றால் இன்னொரு வழியும் உண்டு. முதலில் முழு நிலத்தையும் கிரயம் செய்துகொண்டு, பாக்கிப் பணத்துக்கு அதே நிலத்தை விற்பவருக்கு அடமானம் எழுதிக் கொடுப்பது. உரிமை முதல் நாளே உங்களுக்கு வந்துவிடும். கட்டி முடித்ததும் ரசீதுப் பத்திரம் பதிந்தால்தான் வில்லங்கத்தில் அந்த அடமானம் தீரும். ஆனால் அடமானத்துக்குத் தனியாக முத்திரைச் செலவு ஆகும், சம்மதிக்கிற நிலத்துக்காரரும் குறைவு.

தவணை கட்டுகிற மாதங்கள்

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். நிலத்துக்கான அட்வான்ஸோ தவணையோ, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். ஒவ்வொரு முறையும் "சர்வே எண் இன்னது, இத்தனையாவது தவணை" என்று குறிப்புப் போட்டு அனுப்பி, ஒரு நோட்டில் அவர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால், நீங்கள் எப்போதும் பணத்தோடு தயாராக இருந்தீர்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கத்தை இணையத்தில் பாருங்கள், காசு ஆகாது. நிலத்துக்கும் போய் வாருங்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நிலத்துக்காரர் வீட்டுக்கு ஒரு நடை போய், பிள்ளைகளிடமும் பேசிவிட்டு வாருங்கள்.

கிரயமும் பட்டாவும்

கடைசித் தவணைக்கு முன், கிரயத்தன்று காலையில் புதிதாக வில்லங்கம் பார்த்துவிட்டு, கடைசிப் பெருந்தொகையைப் பதிவு அன்றைக்கே கொடுங்கள். பத்திரத்தில் பழைய ஒப்பந்தத்தின் ஆவண எண்ணைக் குறிப்பிடுங்கள். அசல் மூலப்பத்திரங்களை அன்றே கையில் வாங்குங்கள். விற்பவரிடம் மீதி நிலம் இருந்து அசலைத் தர முடியாது என்றால், சான்றிட்ட நகல் வாங்கி அதையும் பத்திரத்தில் எழுதுங்கள்.

பதிவோடு பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். முழு சர்வே எண்ணையும் வாங்கினால் பட்டா மாறுதல் சுலபம். ஒரு பகுதியை வாங்கியிருந்தால் உட்பிரிவுக்கு விண்ணப்பித்து, சர்வேயர் வந்து அளந்து, புது உட்பிரிவு எண்ணில் உங்கள் பெயர் ஏற வேண்டும். மின் இணைப்பையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சர்வேயர் அளக்க வருகிற நாளில் நான்கு பக்கத்துக் காட்டுக்காரர்களையும் முந்தின நாளே வீட்டுக்குப் போய் அழைத்துவிடுங்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லைக் கல்லை ஊன்றி, அன்று சாயங்காலமே கல்லுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு வேப்பங்கன்று நட்டுவிட்டு வாருங்கள்.